கோலுக்குப் பின்னால் விழுந்த பலகை

இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவை. ஆனாலும் சக்கர மாமா என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். வயது ஐம்பத்திரண்டு, பார்த்தால் நாற்பது என்பார்கள். படிப்பு எட்டாம் வகுப்பில் பாதி. தொழில் பை, செருப்பு தைப்பது. சிறு வயதிலேயே இரண்டு காலும் சூம்பிப்போனதால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கால்பந்துச் சங்கத்தின் கோல்கீப்பர் என் தங்கை மகன். அவன் கையுறையைத் தைத்துக் கொடுப்பதும் நான், அவனை ஆளாக்கியதும் நான். பெனால்டி என்றால், கோலுக்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடத்தில் இருக்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் எந்தப் பக்கச் சக்கரத்தில் கை வைக்கிறேனோ அந்தப் பக்கம் பாய்வான். அடிக்கிறவன் இடுப்பைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். இந்த வருடம் பிடித்த பெனால்டி எல்லாம் நான் பிடித்தவை. பந்து மட்டும் அவன் கையில் இருந்தது.

சம்பவ தினம் இறுதி ஆட்டத்துக்குப் போனபோது என் இடத்தில் விருந்தினர்களுக்கு சோபா போட்டிருந்தார்கள். என்னைப் பக்கத்தில் ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பலகையின் முன்பக்கம் நான் சிரிக்கும் படமும், ‘கால்பந்து எல்லோருக்கும்’ என்ற எழுத்தும் இருந்தன. ஆட்டம் ஒன்றும் தெரியவில்லை என்று சங்கச் செயலாளரிடம் சொன்னேன்.

“உங்களத்தான் ஊரே பாக்குதே மாமா, நீங்க வேற எதுக்குப் பாக்கணும்?” என்றார். சோபாவில் சிரித்தார்கள்.

அதன் பிறகு எதிரணிக்குப் பெனால்டி என்று சத்தத்தில் அறிந்து, தங்கை மகன் என்னைத் தேடுவானே என்று நாற்காலியின் கால்மிதியால் பலகையைத் தள்ளினேன், அது விழுந்தது, நாற்காலியும் ஒரு பக்கம் சாய்ந்தது, கவிழாமல் இருக்க இடது சக்கரத்தை இறுக்கிப் பிடித்தேன், அந்த நேரம் பார்த்து அவன் திரும்பினான். அதன் பிறகு அவன் இடது பக்கம் பாய, பந்து வலது பக்கம் போனது. அடித்தவன் வலது பக்கம்தான் அடிப்பான் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு, மாமாவைப் பார்த்துத்தான் பாய்ந்தாயா என்று செயலாளர் கேட்டதற்கு அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “மாமாவுக்கு ஆட்டமெல்லாம் தெரியாது சார். ஆசைக்கு வருவாரு, நாங்களும் விட்டுடுவோம்” என்றான். கட்டைவிரலில் நான் போட்ட தையல் பிரியாமல் இருந்தது.

புகாரில் சொல்வதுபோல் செயலாளரை நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் புகார் கொடுக்க அவர் நடந்து வந்திருக்க மாட்டார். பலகையை உடைத்தது நான்தான். கிழிந்தது என் முகம்.

சைகை விஷயம் வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று காவல் நிலைய எழுத்தர் சொன்னார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதால் எழுதப்பட்டது. தங்கை மகனை விசாரித்தால் ஒன்று மட்டும் கேட்கவும்: பெனால்டிக்கு முன்னால் எதற்குத் திரும்பிப் பார்த்தான்?

படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னதெல்லாம் உண்மை, ஒன்றும் கூட்டவில்லை.

(ஒப்பம்)