கிராணியாரின் தோள்

இரவு பதினொன்றேகால். மழை விட்ட காஜா பெராங் சாலை… ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இருட்டு. இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். நம் கோகிலாவின் பெரியப்பா கலியாணசுந்தரத்துக்கு நடந்தது இது. மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்த வருடம்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அன்று வாசகசாலையில் இளைஞர்களுக்குப் பைசாந்தியப் பேரரசர் பாசிலின் கதையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். குளிர்காலத்திலும் போர்க்களம் விட்டு வராத மன்னர். பல்கேரியரோடு முப்பது வருடச் சண்டை. ஒரு கணவாயில் வளைத்துப் பிடித்த பல்லாயிரம் பேரைக் குருடாக்கச் சொன்னார். நூற்றுக்கு ஒருவனுக்கு மட்டும் ஒற்றைக் கண்ணை விட்டுவைத்தார், மற்றவர்களை ஊருக்கு அழைத்துப் போக.

"அந்த ஒத்தைக் கண்ணன் பாதி வழியில கழட்டிவிட்டு ஓடியிருந்தா, சார்?" என்று கேட்டான் தேவதாஸ்.

"எல்லாரும் உன்னய மாதிரியா லா?" என்றான் நடராஜன்.

எல்லோரும் சிரித்தார்கள். கலியாணசுந்தரமும் சிரித்தார். முகம் மட்டும் சுட்டது.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட அவரையும் தோட்டத்து ஆட்கள் இருபத்திரண்டு பேரையும் கொண்டுபோயிருந்தான். கீரை, மீன் இல்லாமல் ஆட்களுக்கு மாலைக்கண் வந்துவிட்டது. கிராணிக்குத் தனிச் சாப்பாடு. அவர் கண் கெடவில்லை. தப்பி ஓடிய இரவில் அவர்தான் முன்னால். அவர் தோளில் சுப்பையன் கை, சுப்பையன் தோளில் அடுத்தவன் கை… அப்படியே வரிசை. பின்னால் நாய் குரைத்தது. சுப்பையன் கையை மெல்ல எடுத்து ஒரு மூங்கிலின் மேல் வைத்தார். "இங்கயே நில்லுங்கப்பா. வழி பாத்துட்டு வந்துர்றேன்."

திரும்பிப் போகவில்லை. ஊருக்கு வந்து, எல்லோரும் காலராவில் போய்விட்டார்கள் என்றார். கடைசிவரை கூட இருந்தாரே என்று சுப்பையன் மனைவி பூங்காவனம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தச் சாலையில் இப்போது… சர்ர்… சர்ர்… ஈர மண்ணில் கால் இழுபடும் சத்தம். ஒன்றல்ல. பல கால்கள். சீழ்ப் புண்ணின் வாடை. வலது தோளில் ஒரு கை. கனமே இல்லை.

"ஊரு வந்துருச்சுங்களா, கெராணி ஐயா?"

பத்து வீடு தள்ளித்தான் பூங்காவனம் குடியிருந்தாள். கதவைத் தட்டி உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், பின்னால் நிற்கும் அந்த ஆட்கள் ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். அது அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கையை மெல்ல எடுத்தார்… விளக்குக் கம்பத்தின் மேல் வைத்தார்.

"இங்கயே நில்லுப்பா. வந்துர்றேன்."

ஓடினார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் அவருக்குக் கண் தெரியவில்லை. ஆனாலும் இரவானால் எழுந்து வெளியே போவார். வலது கையை முன்னே நீட்டி, யார் தோளையோ பிடித்தவர் போல, ஒரு பள்ளத்தில்கூட இடறாமல். முதலில் புக்கிட் பாரு வரை. பிறகு இன்னும் தள்ளி, செங் வரை.

ஒரு நாள் மனைவி கமலவேணி பின்னாலேயே போனாள். நீட்டிய கைக்குக் கீழே, வெறும் காற்றில், விரல் வைத்துப் பார்த்தாள்.

நனைந்த சட்டை. அதற்குள் சூடு… தோள் எலும்பு, மூச்சுக்கு மூச்சு, ஏறி இறங்கியது.