குடை மடக்கும் முறை

— குடைய மடக்கு மாரிசெல்வி. எம்புட்டு நேரமாச் சொல்லுதேன்.

— நீங்க மொதல்ல வேனை விட்டு எறங்குங்க சங்கையா அண்ணாச்சி. பெறகு மடக்குறேன்.

— கூட்டாளியும் கூட்டாளியும் சந்திச்சா, குடைய மடக்கி, காலடியில நெழல் இல்லன்னு காட்டிட்டுத்தான் பேசணும். மந்திரக்கார மையாண்டி ஐயா வச்ச மொறை. ஒனக்கு நான் பாடம் எடுக்கணுமா?

— மொறைன்னா ரெண்டு பேருக்கும்தான? நீங்க டிரைவர் சீட்டுல ஒக்காந்துக்கிட்டு, கருப்புக் கண்ணாடியப் பாதி எறக்கிவிட்டு, என்னைய மட்டும் அணைக்கட்டு வெயில்ல நின்னு காட்டுன்னா எப்படி? ஒங்களுக்கு நெழல் இருக்கா இல்லையான்னு நான் எப்படிக் காண்றது?

— ஏத்தா, என்னையவே சந்தேகப்படுதியா? ஐயாகிட்ட ஒன்னையக் கூட்டிட்டுப் போனதே நாந்தான்.

— அதத்தான் நானும் சொல்றேன். என் வீட்டுக்காரர் பட்டாசு ஷெட்டுல வெந்து செத்து பதினாறுகூடக் கழியல. வாசல்ல வந்து நின்னீக. "நெழல ஐயாகிட்டக் குடுத்துரு தாயி, பெறகு பயராபீசுல எந்த நெருப்பும் ஒன்னையத் தொடாது"ன்னு சொன்னீக. நான் என்னத்தக் கண்டேன். இடுப்புல பிள்ளை. குடுத்துட்டேன்.

— குடுத்து என்ன கொறஞ்சு போன? அதுக்குப் பெறகு ஒன் கண்ணு முன்னாடி ஷெட்டு வெடிக்கலையா? ஒன் தலைமுடி ஒண்ணு கருகிச்சா?

— கருகல. இல்லன்னு சொல்லலையே.

— பெறகு என்ன? சரி, விடு. இந்தா, டீ குடி.

— இந்த வெயில்ல டீயா? வேண்டாம் அண்ணாச்சி.

— பிளாஸ்க்கு டீ. ஆனைக்குட்டம் கரையில வேற என்னத்தக் கண்டோம், அணையிலயே சொட்டுத் தண்ணி இல்ல. கண்ணாடி வழியா நீட்டுதேன்ல, பிடி. அப்படி இல்ல, டம்ளர விளிம்புல பிடிக்காத. நல்லா உள்ளங்கையக் குடுத்துப் பிடி.

— ம். பிடிச்சுட்டேன்.

— சுடலையா?

— நெருப்பே தொடாதவளுக்கு டீத்தண்ணியா சுடப்போகுது?

— சும்மா கேட்டேன். கண்ணு கலங்குதே.

— புழுதி. லாரி போச்சுல்ல. எதுக்கு அண்ணாச்சி என்னைய இப்படி வேவு பாக்கீக?

— ஊர்க்காவலன் கதை கேள்விப்பட்டியா?

— சிவகாசி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துருக்காருன்னு சொன்னாக. பேரு கேட்டாக்கூடத் தெரியலையாம். பொண்டாட்டி போய் கையப் பிடிச்சு அழுதுருக்கா. "யாரும்மா நீ"ன்னு கேட்டாராம். கேட்டதுலேர்ந்து எனக்கு ஒறக்கமில்ல.

— அவன் நெழல் அவன்கிட்டயே திரும்பி வந்துருச்சு. ஐயாகிட்டச் சொல்லாம மறைச்சுட்டான். ஒருநா கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்தான். என்னலே இதுன்னேன். வடைச்சட்டி எண்ணெய் தெறிச்சுருச்சுன்னான். நெழல் குடுத்தவனுக்கு எண்ணெய் எப்படிச் சுடும்? ஐயா காதுல போட்டேன். அறுத்துட்டாக.

— கூட்டாளி நெழலையா? நாமளா மனசறிஞ்சு குடுக்கிறது வேற, அறுத்து எடுக்கிறது வேற அண்ணாச்சி. அறுத்தா மனுசன் வெறுங்கூடுல்ல?

— அது தெரியாமத்தான் இத்தன நாளும் வேல பாத்தியாக்கும்.

— தெரிஞ்சுதான் பாத்தேன். புதுசா வேலைக்கு வர்றவுக விடியுற வெயில்ல வேனை விட்டு எறங்குவாக. நெழல் நீளமா விழும். நீங்க மூங்கில் கத்திய வச்சு குதிங்கால் பக்கம் அறுத்து, துணியில பொதிஞ்சு ஷெட்டு ஜன்னல் வழியா நீட்டுவீக. நான் அணுகுண்டு வெடிக்குக் குழாய் சுருட்டுற மாதிரி தாளுக்குள்ள வச்சுச் சுருட்டி, ரெண்டு வாயும் களிமண்ணால அடைப்பேன். பொட்டலத்த விரிச்சுப் பாத்ததில்ல. யாருதுன்னு கேட்டதில்ல. கேட்டா அன்னைக்குச் சோறு எறங்காது.

— யோக்கியம் பேசாத. ஷெட்டு வெடிக்கும்போதெல்லாம் ஒனக்குப் பதிலா வெந்தது அந்தக் குழாய்க்குள்ள கெடந்த நெழலுதான். திங்கிற சோத்துல அதுவும் சேத்தி.

— தெரியும் அண்ணாச்சி. தெரியாதுன்னு யாரு சொன்னா.

— அப்ப சொல்ல வந்ததச் சொல்லிருதேன். ஐயா ஒன் மகளக் கேக்காக.

— என்ன?

— காதுல விழுந்துச்சுல்ல. பாண்டிலட்சுமி நெழல் வேணுமாம்.

— அண்ணாச்சி, வெளையாடாதீக.

— நேத்துச் சாயங்காலம் ஏழாயிரம்பண்ணைக்குப் போயிருந்தேன். அந்தப் பாழாப்போன தீப்பெட்டி ஆபீசுல, எப்பவும் போல பாயில ஒக்காந்துருந்தாக. "மாரிசெல்வி மக நெழல் இளசு, நெறைய நெருப்பத் தாங்கும், வாங்கிட்டு வா"ன்னாக.

— சொல்லியிருக்கவே மாட்டாக. கூட்டாளி பெத்த பிள்ளையத் தொடமாட்டேன்னு ஐயா வாக்குக் குடுத்துருக்காக. அந்த வாக்க மீறுனா அவுக மந்திரம் அவுகளையே தின்னுரும். அத அவுக வாயாலயே கேட்டவ நான்.

— நானும் என் காதாலதான் கேட்டேன்.

— வேற என்ன சொன்னாக?

— வேற என்ன சொல்லுவாக? இருமுனாக. வயசாச்சுல்ல.

— என்ன சாப்பிட்டாக?

— அது எதுக்கு ஒனக்கு?

— சும்மா கேட்டேன். ஏன், நீங்க மட்டுந்தான் சும்மா கேப்பீகளா?

— கஞ்சி குடிச்சாக. போதுமா?

— ஐயாவா? கஞ்சியா? எரியுற கற்பூரத்த அள்ளி வாயில போடுறதத் தவிர அந்த மனுசன் ஒண்ணும் தின்னு நான் பாத்ததில்ல. அந்த வாசலக் கூட்டித் தெளிச்சவ நான் அண்ணாச்சி.

— ஒடம்புக்கு முடியல, நாந்தான் காச்சிக் குடுத்தேன். ஏத்தா, நீ என்ன போலீசா? கேள்வி கேக்க வேண்டியவன் நான். பிள்ளை எங்க இருக்கு?

— இருக்க வேண்டிய எடத்துல இருக்கா.

— சரி. அதுக்கும் முன்னாடி குடைய மடக்கு. நீ மடக்காமப் போனா ஊர்க்காவலனுக்கு ஆனதுதான் ஒனக்கும்.

— இந்தா, மடக்கிட்டேன். நல்லாப் பாத்துக்கோங்க. என் காலடியில எதாச்சும் தெரியுதா?

— தெரியல.

— மொறை முடிஞ்சுச்சுல்ல. நான் வாறேன்.

— நில்லுத்தா. எங்க ஓடுத? சித்திரை பொறந்தா உச்சி வெயில்ல எந்த மனுசனுக்குத்தான் நெழல் தெரியும்? அந்தா நிக்கிதே கரண்டு கம்பம், அதுக்கு இருக்கா? இல்ல. நேத்தே வரச் சொன்னதுக்கு, "இல்ல அண்ணாச்சி, நாளைக்கு உச்சி வேளையில வாறேன்"னு சொல்லிவிட்ட பாரு, அப்பவே எனக்குப் பொறி தட்டிருச்சு. அசையாம நில்லு. வெயில் கொஞ்சம் சாயட்டும்.

— வேலை கெடக்கு அண்ணாச்சி. சாப்பாட்டு நேரம் முடியுறதுக்குள்ள ஷெட்டுக்குத் திரும்பணும்.

— நான் சொல்லிக்கிடுதேன் போர்மேன்கிட்ட. பேசிக்கிட்டு இருப்போம். பிள்ளை எத்தனாவது படிக்கி?

— ஏழாவது.

— படிப்பு ஏறுமா?

— ஏறும். கணக்குல நூத்துக்கு நூறு வாங்குவா. அவ கையில நான் ஒரு திரியக்கூடத் தொடவிட்டதில்ல. இந்த வெடிமருந்து நாத்தம் அவ துணியில வீசக்கூடாதுன்னு, வீட்டுக்கு வந்ததும் குளிச்சுட்டுத்தான் அவளத் தொடுவேன். அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன், என்னைய விட்டுருங்க.

— அந்தா வருது பாரு.

— என்னது?

— கீழ பாரு. ஒனக்குக் கெழக்கால, பெருவெரலுக்குப் பக்கத்துல. கருப்பா.

— அது சேலை நெழல் அண்ணாச்சி.

— சேலைக்கு நெழல் விழுந்தா கட்டுனவளுக்கும் விழுந்துருக்குன்னு அர்த்தம். எப்ப வந்துச்சு?

— மார்கழியில.

— சொல்லு.

— வெள்ளன எந்திரிச்சு கோலம் போட்டுக்கிட்டு இருந்தேன். தெரு லைட்டு முதுகுக்குப் பின்னாடி எரிஞ்சது. போட்ட புள்ளிக்கு மேல கருப்பா என்னமோ விழுந்துச்சு. கைய ஆட்டுனேன், அதுவும் ஆட்டுச்சு. அப்படியே ஒக்காந்து அழுதுட்டேன். சந்தோசமா பயமான்னு எனக்கே தெரியல. அன்னைக்கே ரசம் தாளிக்கும்போது கை சுட்டுருச்சு.

— யாருகிட்டச் சொன்ன?

— யாருகிட்டச் சொல்ல? என்னோடது மட்டும் எப்படியோ அவுந்து வந்துருச்சு, ஐயாவுக்குத் தெரிஞ்சா அறுத்துப்புடுவாகன்னு கமுக்கமா இருந்தேன். ஆனா ஒரு விசயம் என் மண்டையக் கொடஞ்சுக்கிட்டே இருக்கு அண்ணாச்சி. இந்த வருசம் நம்ம கூட்டாளிக ஒருத்தர ஒருத்தர் கண்டா, குடைய மடக்காம அடுத்த தெருவுல பூந்து ஓடுறாக. நானும் ஓடுறேன். அவுகளும் ஓடுறாக. ஏன்?

— எனக்கென்ன தெரியும்.

— ஊர்க்காவலனுக்கு எப்ப வந்துச்சு? அதுவும் மார்கழிதான?

— ஏதோ ஒரு மாசம். விடு.

— விடமாட்டேன். எல்லாருக்கும் ஒண்ணு போல திரும்பி வந்துருக்கு. அப்ப, பிடிச்சு வச்சிருந்த கை விட்டுருச்சு. ஐயா செத்துட்டாக. நேத்துக் கஞ்சி குடிச்சாகன்னு சொன்னீகளே, அவுக மார்கழியிலயே செத்துட்டாக!

— மெல்லப் பேசு.

— யாருக்குக் கேக்கும் இங்கன? சொல்லுங்க அண்ணாச்சி. ஆமாவா, இல்லையா?

— ஆமா. செத்துட்டாரு. போதுமா? இடியும் இல்ல, மின்னலும் இல்ல. பாயில படுத்தவரு எந்திரிக்கல. நான் போனப்ப வாயில ஈ மொச்சுக்கிட்டு இருந்துச்சு. அடுக்கி வச்சிருந்த குழாய் அம்புட்டும் வாய் பொளந்து கெடந்துச்சு. நானே ஒத்தையில குழி தோண்டிப் பொதைச்சேன்.

— ஐயோ, மார்கழிக்குப் பெறகும் நீங்க பொட்டலம் கொண்டாந்தீகளே! மாசியில, பங்குனியில, நானும் சுருட்டிக் குடுத்தேனே! அதெல்லாம் யாருக்கு?

— எனக்கு.

— அட பாவி மனுசா!

— ஏன், ஒனக்கு மட்டுந்தான் உசுரு வெல்லமா? என் நெழலுந்தான் திரும்பி வந்துச்சு. மறுநா பீடி பத்த வச்சேன், வெரலு சுட்டுச்சு. அன்னைக்கு என் வேன்ல பின்னாடி பூரா மருந்து லோடு. வண்டி குலுங்கும்போதெல்லாம் உசுரு தொண்டைக்கு வந்துட்டுப் போகுது. எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? ஐயா மந்திரம் போடையில பக்கத்துல நின்னு பாத்தவந்தான நான். ஒருக்கா சொல்லிப் பாத்தேன். பலிச்சுருச்சு. ஊர்க்காவலன அறுத்ததும் நாந்தான்.

— எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஐயா போய்ட்டாருன்னு சொல்லியிருந்தா நாங்க இந்தப் பாவத்த விட்டுருப்போமே.

— அதுக்குத்தான் சொல்லல. சங்கையாவுக்கு வேணும்னு கேட்டா எவனாவது சுருட்டித் தந்துருப்பானா? போடா, வேன் ஓட்டுற பயலேன்னு செருப்பத் தூக்கியிருப்பீக. ஐயா கேக்காகன்னு சொன்னேன். வாயத் தொறக்காமத் தந்தீக.

— அப்ப என் மகளக் கேட்டதும் ஒங்க வாய்தான்.

— நீ என்ன சொல்லுதன்னு ஆழம் பாத்தேன். ஐயா பேரக் கேட்டதும் அழுதுக்கிட்டாவது சரின்னு சொல்லுவன்னு நெனச்சேன். நீ கஞ்சி, கற்பூரம்னு துருவ ஆரம்பிச்சுட்ட.

— கேட்டுக்கோங்க அண்ணாச்சி. இம்புட்டு நாளும் செத்த ஆளுக்குப் பயந்து கெடந்துருக்கேன், ச்சை, நெனச்சாலே அசிங்கமா இருக்கு. இப்ப எனக்குப் பயமில்ல. நேரா போய் ஒவ்வொரு கூட்டாளி வீட்டுக் கதவையும் தட்டுவேன். ஐயா செத்துட்டாரு, குடையத் தூக்கி எறிங்க, சங்கையா கொண்டாற பொட்டலத்தத் தொடாதீகன்னு சொல்லுவேன். நீங்க என்னைய ஒண்ணும் செய்ய முடியாது.

— மக இருக்காளே, மறந்துட்டியா?

— ஒங்க கைக்கு எட்டமாட்டா. நேத்து நீங்க ஆள் விட்டுக் கூப்பிட்டப்பவே எனக்கு மனசு சரியில்ல. விருதுநகர்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருன்னு இன்னைக்கு மொத பஸ்ஸுக்கே அனுப்பிட்டேன். இந்நேரம் சித்திகிட்ட சோறு வாங்கித் தின்னுக்கிட்டு இருப்பா.

— பஸ் ஏத்திவிட்டியா, இல்ல ஸ்டாப்புல விட்டுட்டு வந்துட்டியா?

— ஷெட்டுக்கு நேரமாச்சுன்னு ஸ்டாப்புல விட்டுட்டு... அத எதுக்குக் கேக்கீக?

— எறங்குங்க, எறங்குங்கன்னு வந்ததுலேர்ந்து சொன்னேல்ல. இந்தா, எறங்குதேன். நீயும் பாத்துக்கோ.

— ஆத்தாடி! என்ன அண்ணாச்சி இது, ஒங்க காலச் சுத்தி? ஒரு மனுசனுக்கு இம்புட்டு நெழலா?

— பயராபீசு அம்புட்டும் எரிஞ்சாலும் இனி நான் வேகமாட்டேன்.

— அந்த ஓரத்துல ஒண்ணு... குட்டியா... ரெட்டைச் சடை.

— இன்னைக்கு மொத பஸ் வரல தாயி. பிள்ளை ரோட்டுல தனியா நின்னுச்சு. மாமா வேன்ல ஏறிக்கோன்னேன். பின் சீட்டுலதான் ஒக்காந்துருக்கு. பேரு கேக்காத, சொல்லத் தெரியாது.

— காலையில குடுத்தீகளே ஒரு பொட்டலம், கையில வாங்கும்போதே ரொம்ப லேசா இருந்துச்சு. யாரோ பெத்த சின்னப் பிள்ளைன்னு தெரிஞ்சுதான் அண்ணாச்சி சுருட்டுனேன்.