திறந்து பார்த்து வாங்கவும்

கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப் பழசாக வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போக வேண்டும். ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பது, வால்யூமைத் திருகிப் பார்ப்பது, கூட வந்தவனைப் பார்த்துத் தலையாட்டுவது எல்லாம் சும்மா. பின்பலகையில் ஆறு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் அந்தப் பொருளின் ஜாதகமே தெரிந்துவிடும். இதை ஒன்பது வருடமாக எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஞாயிறுதோறும் காலையில் எழுதிவருகிறேன்: திறந்து பார்த்து வாங்கவும். ஒருத்தியைத் தவிர யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் மேடம், என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் டில்லிபாபு. வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். ஒரகடத்தில் மிக்ஸி, கிரைண்டர் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். சுகப்பிரியா என்ற பெண் பேஸ் கிட்டார் வாசிக்கும்போது ஷாக் அடித்து இறந்தாள். அவள் வைத்திருந்த ஆம்ப்பைக் கழற்றியபோது என் கையெழுத்தோடு ஒரு சிவப்புச் சீட்டு உள்ளே ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டு என்னுடையதா என்று கேட்டீர்கள். என்னுடையதுதான்.

முதலில் பேஸ் கிட்டாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேற்று உங்கள் ஏட்டு வெறும் கிட்டார் என்றே எழுதிக்கொண்டிருந்தார், நான் இரண்டு தடவை திருத்தியும் கேட்கவில்லை. அதற்கு நான்கு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் ஓடுகிற சத்தம் அது. இருக்கும்போது யாருக்கும் தெரியாது. எடுத்துவிட்டால் பாட்டு சப்பென்று இருக்கிறது என்பார்கள், காரணம் சொல்லத் தெரியாது. இருபது வயதிலிருந்து கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தேன். வாலாஜாபாத், காஞ்சிபுரம், மறைமலை நகர் என்று நான் ஏறாத மேடை இல்லை. பிறகு கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸையும் வாசித்துவிடுகிறார் என்று சொல்லி, வேனில் எனக்கு இடமில்லை என்றார்கள். பேஸ் எங்கே என்று ஒரு மண்டபத்திலாவது யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் பழைய ஆம்ப், பெடல் எல்லாம் வாங்கிச் சரிசெய்து விற்க ஆரம்பித்தேன். பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற டப்பா. மிதித்தால் சத்தம் மாறும். குரூப்பில் இருநூற்றுப் பதினான்கு பேர். அட்மின் நான். ஒரு பெடலின் படத்தைப் போட்டால் நிமிடத்தில் "லாஸ்ட் ப்ரைஸ்?" என்று வரும். பதில் போட்டால் ஆள் காணாமல் போவான். நாலு பேர் சேர்ந்து வீட்டுக்கு வந்து, அரை நாள் வாசித்து, என் மனைவி போட்ட டீயையும் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போவார்கள். அதே பெடலை அந்த வாரமே வேறெங்கோ அதிக விலைக்கு வாங்கிக் குரூப்பில் படம் போடுவார்கள். சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெடலில் பேஸின் அடிச்சத்தம் செத்துப்போகும், சுத்தமான சத்தத்தையும் கொஞ்சம் கலந்து விடுங்கள் என்று கரடியாய்க் கத்துவேன். மறு மாதம் யூடியூபில் எவனோ அதையே சொல்வான். அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, பாருங்க தல, புது விஷயம் என்பார்கள். எரிச்சலாக இருக்கும் மேடம். சோறு இறங்காது.

சாம்சன் வந்த பிறகு இன்னும் மோசம். மறைமலை நகரில் கார் கம்பெனி வேலை, ஞாயிறு சபையில் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவான். நன்றாகத்தான் வாசிப்பான், அதை மறைக்க வேண்டியதில்லை. குரூப்பில் நான் ஒன்று சொன்னால் அப்படியே கிடக்கும். அதையே அவன் சொன்னால் நாற்பது பேர் கைதட்டுவார்கள். இருந்தாலும், நான் பன்னிரண்டு வருடம் கச்சேரிக்குத் தூக்கிப்போன என் சொந்த ஆம்ப்பை அவனுக்குத்தான் கொடுத்தேன். பதினைந்து இன்ச் ஸ்பீக்கர், இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். வீட்டில் சும்மா கிடப்பதற்கு ஒரு மேடையில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பத்து நாளில் போன் வந்தது. தல, ஆன் பண்ணாலே கொர்ருனு கத்தினே கீது என்றான். சபைக்கே போய்ப் பார்த்தேன். கோளாறு ஆம்ப்பில் இல்லை, கட்டட ஒயரிங்கில். எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபண்ணுங்கள், இரைச்சல் தானாக நின்றுவிடும் என்று அவனுக்கும் பாஸ்டருக்கும் பொறுமையாக விளக்கினேன். இருவரும் தலையாட்டினார்கள். அன்றைக்கே குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. என் ஆம்ப் இரைகிறது, கீழே "தல வித்த கொசு மிஷின்" என்று எழுதியிருந்தான். அறுபத்து மூன்று பேர் சிரித்திருந்தார்கள். என்னோடு கச்சேரி வேனில் வந்த பழைய டிரம்மரும் அதில் ஒருவர்.

இரண்டு தடவை ஆம்ப்பைத் திருப்பிக் கொண்டுவந்தான். இரண்டு தடவையும் அதே விளக்கத்தைச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் தடவை வந்தபோது விளக்கத்தை விட்டுவிட்டேன். வைத்துவிட்டுப் போ என்றேன்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரண்டில் ஓடுகிற எந்தப் பொருளுக்கும் எர்த் ஒயர் ஒன்று இருக்கும். உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து பொருளின் உடம்புக்கு வந்துவிட்டால், அந்த ஒயர்தான் அதை மண்ணுக்கு இறக்கும். அது இல்லாவிட்டால் தொடுகிற ஆள் வழியாக இறங்கும். எங்கள் லைனில் வருகிற ஒவ்வொரு பீஸுக்கும் எர்த் இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை. தேறாத பீஸில் சிவப்புச் சீட்டு ஒட்டி, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு ஓரமாக வைக்க வேண்டும். என் கையைத் தாண்டி ஒரு கெட்ட பீஸ் போனதில்லை. வேண்டுமானால் கம்பெனியில் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆம்ப்பின் பின்பலகையைக் கழற்றி, எர்த் ஒயரை உள்ளேயே வெட்டினேன். இரைச்சல் நின்றுவிட்டது. இது புது வித்தை இல்லை. இரைச்சலை நிறுத்த ரோட்டோரக் கடைகளில் பலர் செய்கிற அரைகுறை வேலைதான். ஆனால் அவர்கள் அளந்து பார்ப்பதில்லை. நான் கம்பெனி மீட்டரை வைத்து அளந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் பழசு, அந்த வருட மழை ஈரத்தில் கசிய ஆரம்பித்திருந்தது. எங்கள் லைனில் அந்த எண் வந்தால் பீஸை ஸ்க்ராப்புக்குத் தள்ளிவிடுவோம்.

சபையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆம்ப்போடு ஒயரால் இணைந்த கிட்டார் கம்பியில் சாம்சனின் கையும் மைக்கில் உதடும் இருக்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். கரண்ட் லேசாக உதறிவிட்டால், நான் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று புரியும் என்று நினைத்தேன். லேசாக என்று எழுதிவிட்டேன். அளந்தது நான். அது லேசான எண் இல்லை.

மூடுவதற்கு முன் உள்ளே சிவப்புச் சீட்டை ஒட்டினேன். "எர்த் இல்லை. கசிவு உண்டு. பயன்படுத்தக் கூடாது." கீழே தேதி, கையெழுத்து. ஏன் ஒட்டினேன் என்றுதானே எல்லோரும் கேட்கிறீர்கள். தேறாத பீஸில் சீட்டு ஒட்டாமல் கையை எடுக்க எனக்கு வராது. எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. ஆறு ஸ்க்ரூவைக் கழற்றுகிற எவன் கண்ணிலும் படும். கழற்றாதது என் குற்றமா என்று பல நாள் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

சாம்சன் ஆம்ப்பை எடுத்துப்போன அன்றைக்கே குரூப்பில் போட்டான். தல கை வச்சாரு, ஒரு சத்தமில்ல, செம என்று எழுதியிருந்தான். எழுபத்தொன்பது பேர் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னபோது கொசு மிஷின். ஒயரை வெட்டிக் கொடுத்ததற்குக் கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறும் வரவில்லை. அப்புறம் அவனே ஒரு படம் போட்டான்: கிட்டாரில் புதிதாக ஒயர்லெஸ் மாட்டியிருந்தான். கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஒயரே இல்லை. அவன் உடம்புக்குக் கரண்ட் போக வழியில்லை. தப்பித்தான் என்று நிம்மதியாக இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இதிலும் என்னை ஜெயித்துவிட்டான் என்றுதான் இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் அவன் அந்த ஆம்ப்பை விற்பனைக்குப் போட்டான். "டில்லி தலயே சர்வீஸ் பண்ணது" என்று என் பெயரையும் சேர்த்துவிட்டான். நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவனுக்குத் தனியாக எழுதினேன். இன்னா தல, வித்தத நீயே வாங்குறியா, அப்ப இன்னும் ரெண்டாயிரம் சேத்துக் குடு என்று சிரிக்கிற பொம்மையோடு பதில் வந்தது. அந்தப் பொம்மையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ரெண்டாயிரம் என்னிடம் இருந்தது மேடம். ஆம்ப்பில் கோளாறு என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் போதும். நான் எழுதி எவன் கேட்டான் என்று விட்டுவிட்டேன்.

சுகப்பிரியா கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி லைனில் வேலை, கம்பெனி ஹாஸ்டலில் தங்கல். கூடத் தங்கியிருந்த மூன்று பெண்களோடு சேர்ந்து கம்பெனி பொங்கல் விழாவில் வாசிக்க ஒரு குழு ஆரம்பித்திருந்தாள். ஓவர்டைம் பார்த்து, முதலில் ஒரு பழைய பேஸ் கிட்டார் வாங்கினாள். குரூப்பில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சந்தேகம் எல்லாம் என்னிடம்தான் கேட்பாள். பெடலில் சுத்தமான சத்தத்தைக் கலந்து விடு என்றேன், கலந்துவிட்டு, அண்ணே, இப்பதான் வயித்துல அதிருதுண்ணே என்று வாய்ஸ் அனுப்பினாள். என் ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்கு வாராவாரம் ஒரே ஒரு கட்டைவிரல் விழும். அது அவளுடையது.

சாம்சனிடம் அந்த ஆம்ப்பை அவள் வாங்கிய மறுநாள் ஞாயிறு. அன்றும் எட்டு மணிக்குச் செய்தி போட்டேன். அவள் கட்டைவிரல் விழுந்தது. பத்து மணிக்கு அவர்கள் எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டு மாடியில், வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகையில் வாசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். முந்தின ராத்திரி மழை, தரையெல்லாம் ஈரம். செருப்பை வாசலில் விட்டிருக்கிறாள். இரண்டாவது பாட்டில் மைக்கில் வாயை வைத்திருக்கிறாள். மற்றது உங்களிடம் இருக்கிறது. பக்கத்துத் தெருதான் என்பதால் நானும் ஓடினேன். தூக்கி வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தேன்.

அவள் சனிக்கிழமை மதியம் எனக்குப் போன் செய்ததாகப் பதிவில் இருக்கிறது என்றீர்கள். விலையைப் பற்றிப் பேசினோம் என்று நேற்று சொன்னேன். அது பொய். சாம்சன் வீட்டில், ஆம்ப் முன்னால் நின்றுகொண்டு பேசினாள்.

"அண்ணே, நீங்க தொறந்து பாத்துத்தான் வாங்கணும்னு போடுவீங்கல்லா. ஸ்க்ரூ டிரைவர் கொண்டாந்திருக்கேன். தொறக்கட்டுமாண்ணே?"

பின்னால் சாம்சன் சிரிப்பது கேட்டது. உள்ளே என் சீட்டு இருக்கிறது. அவள் திறந்தால் அதை முதலில் படமெடுத்துப் போடுகிறவன் அவன்தான். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

"வேணாம்மா," என்றேன். "நான் பாத்த ஆம்ப்புதான் அது. தைரியமா எடுத்துக்கோ."

"சரிண்ணே. நீங்க சொன்னா போதும்."

அவன் காதுபடச் சொன்னாள். ஒன்பது வருடத்தில், இருநூற்றுப் பதினான்கு பேரில், என் பேச்சை மதித்து ஒரு பொருள் வாங்கியது அந்தப் பிள்ளை ஒருத்திதான் மேடம். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.