கையை வச்சா நிக்குது

— ஒலிபெருக்கி இன்னும் ஊன்னு இரைஞ்சுக்கிட்டுதான் இருக்கு மாணிக்கண்ணே. லுக்குட்டு டவுன்லேயே பெரிய பாட்டு செட்டுக்காரர்னு சொன்னாங்க.

— செட்டுல ஒரு கோளாறும் இல்ல, பஞ்சாலை தங்கச்சி. பாட்டுப் பிளேட்டு சுத்துற பெட்டிக்கு எர்த்து இல்ல, கேட்டியா. இந்தா, பெட்டி மேல கையை வைக்கிறேன். இப்ப?

— நின்னுருச்சு.

— எடுத்துட்டேன்.

— திரும்ப இரையுது. அப்ப கையை எடுக்காம அப்படியே உக்காந்துருங்களேன். என் மக கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பக்கத்துலயே உங்களுக்கும் ஒரு மணை போடச் சொல்றேன்.

— அப்புறம் பந்திக்கு யாரு போறது? சாம்பார் வாசம் தோட்டத்து லயத்து வீடு பூரா தூக்குது.

— அதானே, வந்ததே அதுக்குத்தானே.

— வாயி உனக்கு. இந்த இரும்புக் கம்பியை ஈரமண்ணுல அடிச்சு, பெட்டியிலேருந்து ஒயரை இழுத்துக் கட்டிட்டா இரைச்சல் போயிரும். லயத்தைச் சுத்திப் போட்டிருக்கிற முள்ளுவேலியில கட்டலாம்னு போனேன். காவல் நிக்கிற போலீஸ்காரன் துப்பாக்கியத் தூக்கிட்டான்.

— காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குத் தந்தி அடிக்கிறீங்கன்னு நெனச்சிருப்பான்.

— சிரி, சிரி. இந்தா, வாழைக்குப் பின்னாடி மண்ணு நல்லா பொலபொலன்னு இருக்கு. இங்க அடிச்சு ரெண்டு வாளி உப்புத்தண்ணி ஊத்தினா போதும்.

— அங்க வேணாம்ணே.

— ஏன், புதையல் வச்சிருக்கியா?

— வாசப்பக்கம் அடிங்களேன்.

— வாசல் பூரா சிமெண்டு. அந்தாண்ட பாறை. ஒயரும் இதுவரைக்கும்தான் எட்டும். தள்ளு, ஒரே அடி.

— சொன்னா கேளுங்கண்ணே.

— அட, டங்குன்னு கேக்குது. தகரமா? பஞ்சாலை, ஏன் உக்காந்துட்டே? என்ன இது?

— பிஸ்கட் டின்னு. உள்ள அரிசி. தண்ணி ஊத்தினா நனைஞ்சிரும்.

— காட்டுல இருக்கிறவங்களுக்குச் சோறு போகக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் போட்ட இந்த எமெர்ஜென்சி காலத்துல ஒரு பிடி அரிசி வேலி தாண்டினாலே ஜெயிலு. தெரியும்ல? யாருக்கு?

— என் தம்பிக்கு. காட்டுக்குள்ள போனவன்தான், திரும்பல. அவன்தாண்ணே பொண்ணுக்குத் தாய்மாமன். மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிட்டு வரவேண்டியவன். வரத்தான் முடியாது, பாட்டாவது கேக்கட்டும்னுதான் உங்க செட்டையே வரச் சொன்னேன். இந்த இரைச்சல்ல அவனுக்கு என்ன கேக்கும்?

— எந்தப் பக்கம்?

— எதுண்ணே?

— தம்பி.

— மலைப்பக்கம். ஆத்துக்கு அங்கிட்டு.

— சரி, எந்திரி. கம்பியைப் பிடுங்கிட்டேன், நீ மண்ணை மூடி மேல சருகைத் தள்ளு. அப்படியே அந்த ஒலிபெருக்கிக் குழாயை மலைப்பக்கம் திருப்பிட்டு, எனக்கு ஒரு நாற்காலி கொண்டா. பந்தியில ஒரு இலையை மட்டும் மறக்காம எடுத்து வை, கேட்டியா. தாலி ஏறுற வரைக்கும் நான் கையை எடுக்கப்போறதில்ல.