ஏழாவது படி

ரத்தம் எடுப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஊசிக்குப் பயந்தவர்கள் நான் வரும்வரை காத்திருப்பார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுவேன். பதினாறு வருடங்களில் ஒருவர் குழாயில் இன்னொருவர் பெயரைத் தவறி ஒட்டியதில்லை. அதனால்தான் உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். 'நோயுற்ற ஊழியர், சோர்வின் காரணமாக எண்ணைத் தவறாகப் பதிந்துள்ளார்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சாதகமான வாக்கியம். ஆனால் சரியல்ல.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டது. கூட வந்த சோர்வு போகவில்லை. பல் துலக்கிவிட்டு உட்கார வேண்டும். சட்டை மாட்டிவிட்டு உட்கார வேண்டும். ஒரு நாள் கடைக்குப் போய்வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை. தூங்கி எழுந்தால் முந்தைய இரவைவிடக் களைப்பாக இருக்கும். எங்கள் ஆய்வகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் டாக்டர் எல்லாச் சோதனைகளையும் எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் நானே செய்தேன். எல்லாம் நார்மல். கடைசியில் 'நாள்பட்ட சோர்வு நோய்' என்று சீட்டில் எழுதினார். எதனால் வந்தது என்று கேட்டேன்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாப்பா?" என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

"ஏங்க, நார்மல் நார்மல்னு நீங்களேதான் அச்சடிச்சு எடுத்துட்டு வர்றீங்க. அப்புறம் எதுக்குப் படுத்தே கிடக்கீங்க?" என்பாள் மனைவி. அவளுடைய அண்ணன் வந்தால் வாசலிலேயே குரல் கொடுப்பார். "மாப்பிள்ளை எந்திரிச்சாச்சா, இல்ல அடுத்த வாரம் வரட்டுமா?" நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்கவும் தெம்பு வேண்டியிருந்தது.

நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. கார்டிசால் என்ற சுரப்பு அதிலிருந்து வருகிறது. உடம்பு நெருக்கடியைத் தாங்குவது அதனால்தான். காய்ச்சல் நாட்களிலும் நான் விடுப்பெடுக்காமல் வேலை பார்த்தேன். அப்போது அந்தச் சுரப்பி வற்றிப்போயிருக்க வேண்டும். டாக்டர் கேட்டுவிட்டு, அப்படியெல்லாம் வற்றாது என்றார். என் ரத்தத்தை நானே பதினோரு முறை பார்த்தேன். பதினோரு முறையும் நார்மல். காலை எட்டு மணிக்கு எடுக்க வேண்டியதை எட்டரைக்கு எடுத்துவிட்டேன். முதல் நாள் வழக்கத்துக்கு மாறாக நன்றாகத் தூங்கிவிட்டேன். ஒவ்வொரு முறைக்கும் ஒரு விளக்கம் இருந்தது.

ஆய்வகம் மாடியில். பதினான்கு படிகள். ஏழாவதில் உட்காருவேன். பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த அக்காதான் எங்களுக்கு வெள்ளைக் கோட்டுகள் தைத்துக் கொடுப்பார். ஒரு நாள் காலை, மடியில் கோட்டுகளோடு அவர் ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தார்.

"என் எடத்துல உக்காந்துட்டீங்களேக்கா."

"ஓ, இது ரிசர்வ் பண்ணின சீட்டா? தள்ளிக்கறேன், வாங்க தம்பி."

மூன்று வருடங்களில், ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்காத முதல் ஆள் அவர்.

பிறகு பல காலைகளில் அங்கே உட்கார்ந்திருக்கிறோம். அவர் இளைத்துக்கொண்டே வந்தார். "என் துணியையே ரெண்டு தடவ புடிச்சுத் தச்சுட்டேன். வாடிக்கைக்காரங்க துணி அப்படியே கெடக்கு" என்று சிரிப்பார். எழுந்தால் கண் இருட்டும் என்பார். அவருடைய மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு நடுவே, காகிதத்தில் மடித்த உப்பு இருக்கும். உள்ளங்கையில் கொட்டி நக்குவார். "சின்னப் புள்ளையாட்டம் இருக்குல்ல? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவரிடம் என் காரணத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"அப்ப எனக்கும் அதுவா இருக்குமோ?"

"பாத்துடலாங்க்கா. ரெண்டு பேரும் சேந்தே பாத்துடலாம்."

மறுநாள் எட்டு மணிக்கு அவருக்கு எடுத்தேன். கையைத் திருப்பியபோது உள்ளங்கை ரேகைகள் மையால் இழுத்ததுபோல் கறுத்திருந்தன. அந்தச் சுரப்பி பழுதானால் அப்படி ஆகும் என்று நான் படித்த பாடத்தில் உண்டு. பிறகு எனக்கு எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது முறை.

என்னுடையது பதினான்கு. அவருடையது ஒன்று புள்ளி இரண்டு. மூன்றுக்குக் கீழே போனால் ஆள் பிழைப்பது சிரமம், உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எங்கள் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

போன் செய்தேன். ஒன்று புள்ளி இரண்டு யாருக்கு என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன்.

டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. "மறுபடி ஒரு தடவ பாத்துடுங்க" என்றார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு முழுதாக ஒரு நாள் கிடைத்தது. மறுநாள் காலை என் கையில் ரத்தம் எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட்டேன். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருக்க வேண்டுமே. ஃப்ரிட்ஜில் அக்காவின் குழாயில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை மெஷினில் வைத்தேன். ஒன்று புள்ளி ஒன்று.

டாக்டர் கார்டிசாலுக்குப் பதிலான மாத்திரை எழுதினார். இத்தனை நாள் நம்பாததற்கு வருத்தம் தெரிவித்தார். மனைவி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உங்களப் போயி சோம்பேறின்னு நெனச்சேனே" என்று அழுதாள். அவளுடைய அண்ணன் பழங்களோடு வந்தார். வாசலில் குரல் கொடுக்கவில்லை.

அக்காவிடம் பதினான்கு என்று அச்சடித்த தாளைக் கொடுத்தேன்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லயா தம்பி?"

"நார்மல்தாங்க்கா."

அவர் முகம் போன விதம் எனக்குத் தெரியும். பதினோரு முறை என் முகம் அப்படித்தான் போனது. டாக்டர் அவரைக் காலையில் நடக்கச் சொன்னார். நடந்தார். கடைச் சுவர்களைப் பிடித்துக்கொண்டு போவதை ஆய்வக ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.

மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாள் உட்காராமல் படியேறினேன். ஏழாவதில் அக்கா இருந்தார். என்னைப் பார்த்ததும் தள்ளி இடம் விட்டார். நான் உட்காரவில்லை என்று கண்டதும் சிரித்தார்.

"பாத்தீங்களா, உங்களுக்குக் கண்டுபுடிச்சுட்டாங்க. நல்லாருங்க தம்பி. எனக்குத்தான் வெறும் சோம்பல் போலருக்கு."

அதைக் கேட்ட பிறகும் மிச்சம் ஏழு படிகளை ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. அந்தத் தெம்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அடுத்த மாதம் அவருக்கு மறுபடி ரத்தம் எடுக்க நினைத்திருந்தேன். உண்மையாகவே நினைத்திருந்தேன். இருபத்து மூன்றாம் நாள் அவருக்கு லேசான காய்ச்சல், வாந்தி. மெஷின் மேலேயே சரிந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணவரின் பையில் நான் கொடுத்த தாள் இருந்தது. அதில் நார்மல் என்று இருந்ததால் முதல் நான்கு மணி நேரம் அங்கிருந்தவர்கள் வேறு காரணங்களைத் தேடினார்கள். கண்டுபிடித்தபோது நேரம் கடந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து அவருடைய கணவர் ஆய்வகத்துக்கு வந்தார். என்மேல் கோபப்படவில்லை. அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது.

"அவளால நடக்கவே முடியலப்பா. நாந்தான் போ போன்னு வெரட்டினேன்."

"உங்க மேல தப்பில்லண்ணே" என்றேன். மன்னிப்பவன் குரலில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. நடந்தவற்றில் எதை எழுத அதிகம் வெட்கப்படுகிறேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எனவே அறிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள். எண்களைத் தவறாகப் பதியவில்லை. இடம் மாற்றினேன். தெரிந்தே செய்தேன். இரண்டாம் முறையும் தெரிந்தே செய்தேன். அவர் செத்துப்போகலாம் என்பது எனக்குத் தெரியும்.

இந்த இரண்டு பக்கங்களை எழுத ஆறு நாட்கள் ஆயின. மாத்திரையை இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன், இருந்தும் சோர்வு திரும்பிவிட்டது. எந்தத் தண்டனையானாலும் ஏற்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். என் கார்டிசாலை வேறொரு ஆய்வகத்தில், வேறொருவர் கையால், காலை சரியாக எட்டு மணிக்குப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். குறைவாகத்தான் இருக்கும். மூன்று மாதமாக மாத்திரை சாப்பிட்டதால் சுரப்பி தூங்கிவிட்டது என்று டாக்டர் சொல்வார். மாத்திரைக்கு முன்பே குறைவாகத்தான் இருந்தது என்பதற்கு என்னிடம் இரண்டு ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன.