எல்லாம் வாடகை விமானம்

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் சாயங்கால ரயிலில் என் எதிர் சீட்டுக்காரர் தன் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டார்: "ஏம்மா, அத்தனை விமானத்துல ஒண்ணுகூட கம்பெனிக்குச் சொந்தமில்லையா?"

"எல்லாம் வாடகைதான் சார். சொந்தக்காரங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பேச்சிலிருந்தே புரிந்தது. திவாலான ஒரு சின்ன விமானக் கம்பெனியில் அவள் பணிப்பெண்ணாக இருந்தவள். அவர் அந்த விமானங்களுக்குச் சாப்பாடு சப்ளை செய்தவர்.

"அப்ப விக்கிறதுக்கு என்னதான் இருக்கு?"

"நாற்காலி, கம்ப்யூட்டர், பழைய பஸ்ஸு. வித்தா முதல்ல பேங்குக்கு. அப்புறம் எங்க சம்பளம். சப்ளை பண்ணவங்க அதுக்கும் பின்னாடி சார்."

"எங்க வரைக்கும் வராதுன்னு வக்கீலும் சொல்லிட்டார். வேனை வித்துட்டேன், அது போகட்டும். சமையல்காரங்களை அனுப்புனதுதான் மனசை அறுக்குது. நீங்க இப்ப என்னம்மா பண்றீங்க?"

"தஞ்சாவூர்ல ஒரு ஜவுளிக்கடையில பில் போடுறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கடைசி நாள் சாப்பாட்டையாவது அனுப்பாம இருந்திருக்கலாம். விமானமே கிளம்பலை. அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும்."

"குப்பைக்குப் போகலை சார். நாங்கதான் சாப்பிட்டோம். மாசக்கணக்கா சம்பளம் இல்லாம, அன்னைக்குப் பாதிப் பேர் வெறும் வயித்தோடதான் வேலைக்கு வந்திருந்தோம்."

ரயில் கோவில்வெண்ணியைத் தாண்டியது. அவர் அவள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"சூடா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு சார். பைலட்டும் எங்களோட தரையில உக்காந்துதான் சாப்பிட்டார்."