மேலயே நிக்கிற வண்டி

மொதல்ல கொஞ்சம் ஏத்தணும், அப்புறந்தான் எறக்கணும். அதானே? எனக்கே பாடம் எடுக்கறீங்களா தம்பி? இந்த லிஃப்ட்டுல லாக் மேல உக்காந்திருக்கற பைக்க, பெடல ரெண்டு மிதி மிதிச்சு லேசாத் தூக்கினாத்தான் லாக் விடும். அப்புறம் வால்வத் திருகினா எறங்கும். பதினோரு மாசமா தெனம் செய்யறேன்யா! இப்ப மிதிச்சா பெடல் தொளதொளன்னு போகுது, வண்டி அசைய மாட்டேங்குது. நாலு நாளா பரண்ல போட்ட சாமான் மாதிரி மேலயே கெடக்குது.

ஆமா, மருமகன்தான் ரிப்பேருக்கு உங்களக் கூப்பிட்டாரு. யாரக் கேட்டுக் கூப்பிட்டாரு? லிஃப்ட்டு என்னுது, வண்டி என்னுது. நான் வாயத் தொறந்து சொன்னேனா, ஆளக் கூப்பிடுன்னு? இந்த வீட்டுல எல்லாரும் எனக்கு முன்னாடி ஓடுறாங்க.

இந்த வம்பெல்லாம் வந்ததே அவரோட காராலதான். கராஜ்ல ஒரு வண்டிக்குத்தான் எடம். ஒரு பக்கம் வாஷிங் மெஷினு, இன்னொரு பக்கம் என் சம்சாரம் தூக்கிப் போட மனசு வராம அடுக்கி வச்சிருக்கற அட்டைப்பெட்டி. கார் வந்த அன்னைக்கே என் பொண்ணு சொல்றா, அப்பா, பைக்க வித்துடலாம்ப்பா. கொழம்புல உப்பு கம்மின்னு சொல்ற மாதிரி சொல்றா! முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். அம்பது பேர வச்சுக்கிட்டு மலை வளைவுல திருப்பினவன். வந்துச்சு பாருங்க கோவம், ரெண்டு நாள் யார் கூடயும் பேசல.

மூணாம் நாள் டேப்ப எடுத்துக்கிட்டு அளக்க ஆரம்பிச்சேன். கத்திரி மாதிரி விரியற லிஃப்ட்டு ஒண்ணு பாத்தேன். வண்டி மேல போயிடும், ஆனா கீழ அந்தக் கத்திரியே எடத்த அடைச்சுக்கும். அப்புறம் என்ன புண்ணியம்? நாலு கால் வச்சது கட்டில் மாதிரி இருந்துச்சு. கடைசில செவுத்த ஒட்டி நிக்கிற இந்த ஒத்தத் தூணு. பைக் மேல, கார் மூக்கு கீழ. அளவுல ஒரு தப்பு பண்ணேன், ஒத்துக்கறேன். இந்தக் கராஜ் கதவு தொறந்தா மேல போய் சீலிங்ல படுத்துக்கும்ல? நான் கதவ மூடி வச்சுக்கிட்டு அளந்திருக்கேன்! மொத நாளே பைக் கண்ணாடி ரெண்டும் மடார்னு போய் கதவுல இடிச்சிச்சு. அன்னையிலேர்ந்து கண்ணாடியக் கழட்டிட்டு, ஒரு லாக் கீழயே நிறுத்தித்தான் ஏத்தறேன். மருமகன் சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு, இன்னும் வயிறு எரியுது.

என்ன, நீங்களும் சிரிக்கறீங்க? வேலையப் பாருங்க.

நாளைக்கு ஞாயித்துக்கெழம தம்பி. என் பேத்திக்கு எட்டு வயசு முடியுது. எட்டு முடியட்டும், தாத்தா உன்னப் பின்னாடி உக்கார வச்சு ஏரி வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்னு நானே வாக்குக் குடுத்துட்டேன். ஒரு வருஷமா நாள் எண்ணுது அது. செவப்புல ஹெல்மெட்டு வாங்கி, அதப் போட்டுக்கிட்டே டிவி பாக்குது, போட்டுக்கிட்டே பல்லு வெளக்குது. என் சம்சாரம் வேற நச்சு நச்சுன்னு நச்சரிக்கிறா, அறுபத்தெட்டு வயசுல சின்னப் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போக இந்த ஆளுக்கு என்ன வீராப்புன்னு. ஏன், அறுபத்தெட்டுன்னா கை கால் வெளங்காமப் போயிடுமா? எல்லார்கிட்டயும் கத்திட்டேன். நேத்து சாப்பாட்டுத் தட்டயே தள்ளி விட்டுட்டேன். நான் ஓட்டத்தான் போறேன், எவன் தடுக்கறான்னு பாக்கறேன்னுட்டேன்.

என்ன, அதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டீங்களா? வால்வு ஸ்குரூவே காணோமா? எண்ணெயெல்லாம் வடிஞ்சிருக்கா? விழாது விழாது, லாக் மேலதான நிக்குது. ஸ்குரூ எங்கயாவது தானா கழண்டு விழுந்திருக்கும். தானா கழலாதா? ஸ்பானர் போட்டாத்தான் வருமா. சரி. உங்க பையில வேற ஒண்ணு இருக்கா? பத்து நிமிஷ வேலைதானா?

இருங்க. அந்தப் பையக் கீழ வைங்க மொதல்ல. கதவக் கொஞ்சம் எறக்கி விடுங்க.

நான்தான் கழட்டினேன்.

செவ்வாக்கெழம காலைல டயருக்குக் காத்தடிக்கத் தனியாப் போயிருந்தேன். சிக்னல்ல நிறுத்தினேன். இடது கால ஊனணும்ல? ஊனு ஊனுன்னு நெனைக்கறேன், கால் வரல. கால்னு ஒண்ணு இருக்கற மாதிரியே தெரியல. நின்ன எடத்துலயே வண்டியோட சாஞ்சுட்டேன். பக்கத்துல லாரி, சக்கரம் இவ்ளோ கிட்டத்துல. நல்லவேள, அது நின்னுக்கிட்டிருந்துச்சு. ரெண்டு பொம்பளைங்க வந்து தூக்கி விட்டாங்க. கொஞ்ச நேரத்துல கால் வந்துடுச்சு. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. டாக்டரா? போறேன், திங்கக்கெழம போறேன், அது என் பாடு. பின்னாடி அந்தக் கொழந்த இருந்திருந்தா? நாலு நாளா இதேதான் ஓடுது. பயமா இருக்குய்யா. வண்டியப் பாத்து நான் பயந்ததே கெடையாது.

சொல்லிடலாம்தான். வாய் வர மாட்டேங்குதே! லிஃப்ட்டு ரிப்பேருன்னா பேத்தி ஒரு நாள் அழுதுட்டு விட்டுடும். தாத்தாவுக்கு முடியலன்னா அது கண்ணுல நான் என்ன ஆவேன்?

அதனால ஒண்ணு பண்ணுங்க. இந்த மாடலுக்கு பார்ட்டு வர ரெண்டு மாசம் ஆகும்னு சத்தமாச் சொல்லுங்க, உள்ள வரைக்கும் கேக்கணும். நான் உங்களக் கன்னாபின்னான்னு திட்டுவேன், மனசுல வச்சுக்காதீங்க. கதவத் தொறங்க. அதோ, ஹெல்மெட்டோட வாசல்லயே நிக்குது பாருங்க. ம், சொல்லுங்க.

என்னது, ரெண்டு மாசமா? என்னய்யா வெளையாடறீங்களா? பச்சப் புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்யா நான்!